சக்கரம் வைத்த அறுவை

அந்தத் தெருவில் பல் டாக்டர் என்று ஒருவர்தான் இருந்தார். பல் டாக்டர் என்றாலே யாரென்று தெரிந்துவிடும். ஆனாலும் ஜனங்கள் அவரைப் "பிளேடு டாக்டர்" என்றே சொன்னார்கள். கையைப் பற்றி யாருக்கும் குறை கிடையாது. ஊசி ஏறுவதே தெரியாது. பிடுங்கிய பல்லைத் தட்டில் வைத்துக் காட்டினால்தான், வந்துவிட்டதென்று நம்புவார்கள். குறையெல்லாம் வேறு இடத்தில். உங்கள் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அவர் தன் வாயையும் திறந்துவிடுவார். உங்களுடையது அரை மணியில் மூடிவிடும்.

கால் நூற்றாண்டாக அவர் பேசிவந்ததெல்லாம், வாயில் பஞ்சும் உதட்டோரம் உறிஞ்சுகுழாயும் மரத்துப்போன நாக்குமாகப் படுத்துக்கிடந்தவர்களிடம்தான். அவர்கள் "ஆ" என்பார்கள். அதை அவர் ஆமோதிப்பு என்று எடுத்துக்கொள்வார். கண்களை அகல விரித்தால் வியப்பு. கண்ணில் தண்ணீர் தளும்பினால் மனம் நெகிழ்ந்துவிட்டார் என்று அர்த்தம். இப்படி ஒரு சபை வாய்த்த மனிதருக்குத் தன் பேச்சைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருக்கும்? ரொம்ப நல்ல அபிப்பிராயம்தான் இருந்தது. வீட்டில் மட்டும் அது ஏன் எடுபடவில்லை என்பதுதான் அவருக்கு விளங்காத விஷயம். அவர் மனைவி கல்லூரியில் கணக்கு நடத்துபவர். பதில் சொல்லக்கூடிய நிலையில் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆட்களின் பெயர் டாக்டருக்கு மனதில் நிற்காது. பல் நிற்கும். "மேல்வரிசைச் சொத்தை வந்திருக்காரு", "முன்பல் இடைவெளிக்கு நாளைக்கு வரச்சொல்லு" என்றுதான் பேசுவார். மனைவியின் தம்பியை ஒரு விசேஷ வீட்டில் "அந்தக் கோரைப்பல் எங்கே?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தம்பிதான் ஒரு சனிக்கிழமை காலையில் குட்டி லாரியோடு வந்து நின்றார். சொந்த வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிறார். அங்கே நாய்க்கும் சத்தத்துக்கும் அனுமதியில்லை. அவரிடம் நாய் இல்லை. ஆனால் சத்தத்துக்கென்றே ஒரு மேசை ரம்பம் இருந்தது. அலுமினியத் தட்டின் நடுவே வட்டமான பல் தகடு ஒன்று பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவிட்சைத் தட்டினால் சுற்றும். பலகையைத் தள்ளினால் இரண்டாகும். வாங்கிய நாளிலிருந்து அது ஒரே ஒரு கதவைத்தான் அறுத்திருந்தது. அதுவும் அறுத்திருக்கக் கூடாத கதவு.

"அத்தான், எவ்வளவு நுணுக்கமான வேலை செய்யற கை உங்களது! இதை வேற யாருக்கும் கொடுக்க எனக்கு மனசு வரல" என்றார் மைத்துனர்.

தலையில் கட்டுவதற்கு இதைவிட நல்ல கயிறு கிடையாது. டாக்டர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஏன்டா, நீ வச்சுக்க முடியாதத எல்லாம் கொட்டறதுக்கு எங்க வீடுதான் கிடைச்சுதா?" என்றார் அக்கா.

"அக்கா, இது அன்பளிப்பு!"

"அன்பளிப்பத் தூக்க நாலு பேர் வந்திருக்காங்களே, அதான் கேட்டேன்."

ரம்பம் கார் ஷெட்டில் இறங்கியது. வீட்டின் முன்னறைதான் கிளினிக். அதன் வராந்தாவில் நோயாளிகள் காத்திருக்க நீளமான பெஞ்ச் ஒன்று உண்டு. வராந்தாவை ஒட்டினாற்போல் ஷெட். கார் கழுவுகிற தண்ணீர் தேங்காமல் ஓடட்டும் என்று ஷெட்டிலிருந்து வராந்தாவுக்கு முன்னால் வாசல் வரைக்கும் தரையைக் கட்டும்போதே சரிவாகப் போட்டிருந்தார்கள். நடந்து போனால் தெரியாது. டாக்டருக்கும் அதுவரை தெரியாது.

அன்று மாலையே மனைவியின் தீர்ப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டு மரத்துப் பறவைகளுக்கும் அவர் காருக்கும் வெகுநாள் பகை. வெளியே நிறுத்தினால் காலையில் கார் நிறம் மாறியிருக்கும்.

"நான் காலேஜ் விட்டு வரும்போது என் கார் உள்ள போகணும். உங்க ரம்பம் எங்க போகும்னு நான் கேக்க மாட்டேன்."

டாக்டர் மனம் தளரவில்லை. இணையத்தில் தாடி வைத்த ஒருவர் இதற்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். ரம்பத்தை உள்ளே இறக்கிவைக்க ஒரு பெட்டி. பெட்டியின் மேற்பலகையும் ரம்பத்தின் தட்டும் ஒரே மட்டத்தில் இருக்கும். அறுபட்ட பலகை கீழே விழாமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். கீழே இழுப்பறைகள். மரத்தூளைப் பிடிக்க ஒரு அறை. எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு சக்கரங்கள். வேலை இருக்கும்போது நடுவே தள்ளிக்கொள்ளலாம், இல்லாதபோது மூலைக்கு. தாடிக்காரர் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் இதைச் செய்து முடித்தார். காப்பி குடித்ததையும் காட்டினார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை போதும்" என்றார் டாக்டர்.

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவர் சொல்லவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று.

அதுவரைக்கும் பெட்டி நோயாளிகளின் வாய்க்குள்தான் வளர்ந்தது. பல்லைச் சுரண்டிக்கொண்டே ப்ளைவுட்டின் கனம் பற்றிப் பேசினார். சொத்தையைக் குடைந்துகொண்டே திருகாணிக்கு முன்துளை போடுவதன் அவசியத்தை விளக்கினார். பாவம், படுத்திருப்பவர் அதைத் தன் பல்லைப் பற்றிய பேச்சென்று எடுத்துக்கொண்டு நாற்காலியின் கைகளை இறுகப் பற்றினார். அதிகம் அகப்பட்டுக்கொண்டவர் கடவாய்ப்பல்காரர். பெரிய துணிக்கடை முதலாளி. கடையில் இருபது பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், கிளினிக் வராந்தாவில் காலை வைத்ததும் முகம் வெளுத்துப்போவார். பிடுங்கியே ஆகவேண்டிய பல். ஒவ்வொரு தடவையும் வலி மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு தப்பித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் பெட்டியின் முழு வரலாறும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஒருவழியாகப் பலகை வந்து இறங்கியது. ரம்பத்துக்குப் பெட்டி செய்யப் பலகை அறுக்க வேண்டும். ரம்பத்தில் அறுக்கலாமென்றால் அதற்குப் பெட்டி வேண்டும். இந்தச் சிக்கலை டாக்டர் எளிதாகத் தீர்த்துவிட்டார். எல்லாத் துண்டுகளையும் ப்ளைவுட் கடையிலேயே அறுத்து வாங்கிக்கொண்டு வந்தார். ரம்பம் ஒரு மூலையில் சாக்குப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

பொருத்துகிற வேலையில் அவர் கை நன்றாகவே பேசியது. இவ்வளவையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மூலைகளைப் பசை போட்டு இறுக்கி, வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கம்பியோடு உள்ளே விட்டு, அடிப்பக்கம் திருகாணி சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தார். இடைவெளி விழுந்த இடங்களை மரப்பசையும் தூளும் குழைத்து அடைத்து, ஈரம் காய்ந்ததும் தேய்த்து மெருகேற்றினார். கடித்துப் பார்க்கச் சொல்லாததுதான் பாக்கி. இழுப்பறைகள் விரலால் தொட்டால் ஓடின. பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள் என்று அவருக்கே தோன்றியது. பார்க்கிறவர்கள் என்றால் அப்போதைக்கு மனைவி மட்டும்தான்.

"ஏங்க, உயரத்துல சக்கரத்தையும் கூட்டிக்கிட்டீங்கதானே?" என்று அவர் காப்பிக் கோப்பையோடு வந்து கேட்டார்.

டாக்டர் அப்போது, நல்ல பெட்டிக்கும் சாதாரணப் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழவில்லை. மனைவி இன்னொரு தடவை கேட்டார். "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். மனைவி கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சக்கரங்கள் ஏறின. கனமான, பெரிய ரப்பர் சக்கரங்கள். எல்லாப் பக்கமும் திரும்பும். ஒவ்வொன்றிலும் காலால் மிதித்துப் பூட்டுகிற பிரேக். பெட்டியை நிமிர்த்தி, தெருவில் போன நாலு பேரைக் கூப்பிட்டு ரம்பத்தைத் தூக்கி உள்ளே இறக்கினார். மட்டம் பிசிறில்லாமல் பொருந்தியது. டாக்டர் பெருமையோடு அதன் முன்னால் போய் நின்றார்.

ரம்பத்தின் தட்டு அவர் நெஞ்சுக்கு வந்தது.

இடுப்புக்கு வர வேண்டியது. மிச்ச உயரம் முழுவதும் சக்கரம். டாக்டர் நுனிக்காலில் நின்று பார்த்தார். அவர் மனைவி சமையலறை ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துவிட்டு, சிரிப்பு வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டார்.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் பெட்டியின் அடியைக் கழித்திருப்பார். கழித்தால் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே டாக்டர் அடுத்த வாரம் முழுவதும் உட்கார்ந்து, ஏறி நின்று அறுப்பதற்கு வசதியாக அகலமான மரப்படி ஒன்று செய்தார். மேலே வழுக்காமல் இருக்கப் பழைய கிளினிக் மிதியடியை ஒட்டினார்.

"இப்படி உயரமா நின்னு பார்த்தாத்தான் வேலை துல்லியமா தெரியும். எல்லாம் யோசிச்சுதான் செஞ்சது."

"அந்தப் படிக்கும் சக்கரம் வைக்கணுமா?" என்று மனைவி கேட்டார். கிண்டல். டாக்டர் உண்மையாகவே யோசித்தார்.

கடைசியில் வெள்ளோட்ட நாள் வந்தது. வேலை நாள். வராந்தா பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் பல்லைக் கொடுத்தே தீருவதென்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்த கடவாய்ப்பல்காரரும் அதில் ஒருவர். இவ்வளவு நாள் வாயைத் திறந்துகொண்டு கேட்டவர்கள் ஒருமுறை கண்ணைத் திறந்தும் பார்க்கட்டுமே என்று டாக்டருக்குத் தோன்றியது. வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியை நடுவே தள்ளினார். அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"பாருங்க, ஒரு விரல் போதும்! இவ்வளவு கனம், குழந்தை மாதிரி வருது. ஆனா நிக்கணும்னு சொல்லிட்டா மலை மாதிரி நிக்கும். என்ன காரணம்? பிரேக். இந்தப் பிரேக்கைப் பத்தி ஒரு விஷயம் சொல்றேன்..."

பிரேக்கைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். எந்த நாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்பது வரைக்கும் சொன்னார். சொல்லிக்கொண்டே மரப்படியில் ஏறினார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். சுவிட்சைத் தட்டினார். ரம்பம் அலறியது. நீளமான பலகை ஒன்றை, கோணாமல் போவதற்காகத் தட்டின்மேல் பொருத்தியிருந்த சட்டத்தோடு அணைத்து, முன்னால் தள்ளினார்.

பிரேக்கைப் போடத்தான் மறந்துபோனார்.

பலகை ரம்பத்துக்குள் போக வேண்டும். அதற்குப் பதிலாக ரம்பம் பலகையை விட்டு விலகிப் போயிற்று. முதலில் மெதுவாக, ரொம்ப மரியாதையாக. டாக்டர் அதை எட்டிப்பிடிக்க இன்னும் சற்று அழுத்தித் தள்ளினார். பெட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. சரிவு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. படியின் விளிம்பில் கால் வழுக்கி, கையில் பலகையோடு டாக்டர் முன்னால் சாய்ந்தார். ஒரு கை, பிடிமானம் தேடி, பெட்டியின் மேல் போய் விழுந்து, உடனே நழுவியது. அவர் முழங்கால் தரையில் மோதியது. சுற்றிக்கொண்டிருக்கும் பல் தகட்டோடு பெட்டி வெளிச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மின்சார வயர் நீண்டு, விறைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியது. அலறல் தேய்ந்து அடங்கியது. பெட்டி அடங்கவில்லை. இழுப்பறைகள் ஒவ்வொன்றாக நாக்கை நீட்ட, உள்ளே இருந்த திருகாணிகளை வழியெல்லாம் தூவிக்கொண்டு, ஷெட்டைத் தாண்டி, திரும்பி, நேரே வராந்தாவைப் பார்த்து வந்தது. பெஞ்சில் இருந்த இருவர் எழுந்து ஓடினார்கள். கடவாய்ப்பல்காரருக்கு ஓடக் கால் வரவில்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டார். பெட்டி வராந்தாப் படியில் முட்டி, பூந்தொட்டி ஒன்றை உடைத்துவிட்டு, அவர் காலடியில் நின்றது. பல் தகடு இன்னும் ஒரு சுற்று சோம்பலாகச் சுற்றிவிட்டு ஓய்ந்தது.

டாக்டர் நொண்டிக்கொண்டே ஓடிவந்தார்.

கடவாய்ப்பல்காரர் தகட்டைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். மறுபடி தகட்டைப் பார்த்தார்.

"டாக்டர்... இதுலயா எடுப்பீங்க?"

பதிலுக்கு நிற்கவில்லை. வாசற்கதவைத் தாண்டும்போதுதான் அவருடைய ஒரு செருப்பு இங்கேயே தங்கிவிட்டது தெரிந்தது. அதற்காகவும் திரும்பவில்லை.

மறுநாள் முதல் பெஞ்சில் கூட்டம் குறைந்தது. பல் வலிக்குப் பிளேடு டாக்டரிடம் போனால் பெரிய ரம்பத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று தெருமுனை வரைக்கும் செய்தி போயிருந்தது. அடுத்த தெருவில் அது ஒரு கையை எடுத்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

கையை எடுக்கவில்லைதான். ஆனால் அந்தப் பேச்சு உண்மைக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டுப் போயிருந்தது என்பது டாக்டருக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும். வெள்ளோட்டத்தன்று மாலை துவைக்கப் போட்ட சட்டையை எடுத்தபோது, வலதுகை மணிக்கட்டுப் பட்டியில் பொத்தான் இருந்த இடம் இல்லை. துணி கத்தியால் வெட்டினதுபோல நேராகப் போயிருந்தது. அவர் அந்தச் சட்டையைத் துவைக்கவில்லை. மடித்து அலமாரியில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் பேசவில்லை.

டாக்டர் முதலில் இதை நல்ல மாற்றமாகவே கருதினார். வீட்டிலும் ஒருவழியாகக் கேட்கிற ஆள் கிடைத்துவிட்டதென்று, பெட்டி உருண்டதற்கான விஞ்ஞானக் காரணங்களைச் சாப்பாட்டு மேசையில் விளக்கினார். தரையின் சரிவு, சக்கரத்தின் தரம், மைத்துனரின் ரம்பத்தில் இருக்கும் அதிர்வு என்று காரணங்கள் நீண்டன. அதில் பிரேக் போட மறந்தவர் எங்கும் வரவில்லை. மனைவி தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். நாலைந்து நாள் இப்படியே போனதும் டாக்டர் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு மனைவியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். சண்டை என்றால் சமாளிக்கலாம். அவருக்கு அதில் நல்ல அனுபவம். எதிரே சத்தமே இல்லாவிட்டால் என்ன செய்வது?

ஒருநாள் மத்தியானம், பேச விஷயமில்லாமல் அவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருக்கும்போது கண் தானாக வேலை செய்யும் போலிருக்கிறது. மனைவி தண்ணீர் குடிப்பதைப் பார்த்தார். தலையை இடது பக்கம் சாய்த்து, தண்ணீரை வலது பக்கம் படாமல் அனுப்பி, கண்ணை ஒரு கணம் இறுக்கி விழுங்கினார். தட்டில் கடினமானதெல்லாம் ஒதுக்கப்பட்டிருந்தது.

தெருவில் போகிறவர் சிரித்தால் எந்தப் பல்லில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ஏம்மா... கீழ்வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தினது. எத்தனை நாளா வலிக்குது?"

"உங்க பெட்டிக்குச் சக்கரம் மாட்டின அன்னிக்கு ஆரம்பிச்சுது."

"அடக் கடவுளே! ஏன் சொல்லல?"

"சொன்னேன்."

"எப்ப?"

"முதல்ல சொன்னப்ப நீங்க பிரேக்கைப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்க. ரெண்டாவது தடவை படியைப் பத்தி."

மனைவி எழுந்து உள்ளே போய், மடித்துவைத்த சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பட்டியைப் பிரித்துக் காட்டினார்.

"இது எப்படி..." என்று ஆரம்பித்த டாக்டர், வலது மணிக்கட்டை இடது கையால் தானாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடிமானம் தேடிய கை எங்கே போய் விழுந்தது என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு நீங்க தூங்கினதுக்கப்புறம் உங்க கையை எடுத்து விரலை எண்ணிப் பார்த்தேன். கணக்கு வாத்திச்சி பத்து வரைக்கும் எண்ணுறதுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டேன்" என்றார் மனைவி. சிரிக்கத்தான் பார்த்தார். பல் வலியா வேறெதுவுமா என்று தெரியாமல் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை அதன் அர்த்தம் டாக்டருக்குச் சரியாகவே புரிந்தது.

உடனே அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். சீழ் பிடித்திருந்தது, வேர் வரைக்கும் சுத்தம் செய்தாக வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டார். பஞ்சு வைத்தார். விளக்கைத் திருப்பினார். "வலிச்சா இடது கையைத் தூக்கு" என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார். வேலை ஆரம்பமானது. அமைதியாகத்தான் இருந்தார். ஆனால் கால் நூற்றாண்டுப் பழக்கம். கையில் கருவி சுழன்றதும் வாய் தன்னிச்சையாகத் திறந்துகொண்டது.

"இப்ப பாரு, அந்தச் சக்கரத்துல என்ன விஷயம்னா..."

மனைவியின் இடது கை மேலே போயிற்று.

டாக்டர் பதறிப்போய்க் கருவியை நிறுத்தினார். "வலிக்குதா?"

இல்லையென்று தலை ஆடியது. தூக்கிய கையின் ஆட்காட்டி விரல் மெதுவாக நீண்டு, டாக்டரின் வாயைக் காட்டியது.

டாக்டர் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்த அறையில் கருவியின் சத்தம் மட்டுமே கேட்டது. அவர் செய்த வேர் சிகிச்சைகளில் அதுதான் சீக்கிரம் முடிந்தது. பேசாமல் செய்தால் நேரம் பாதிதான் ஆகும் என்பதை மருத்துவ உலகம் அவருக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

பெட்டி வராந்தா ஓரத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. அதை யாரிடமாவது கொடுத்துவிடுவது என்று டாக்டர் முடிவுசெய்திருந்தார். வேறொரு ஊரில் வேலையில் இருந்த மகள் அந்த வாரக் கடைசியில் வந்தாள். வாசலில் இறங்கி, கைப்பெட்டியைச் சாய்த்து இழுத்துக்கொண்டு சரிவில் ஏறி வந்தாள். வராந்தாவுக்குக் கீழே சரிவிலேயே அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அப்பா, ரம்பம் உங்களைத் துரத்திச்சாமே!" என்று கட்டிக்கொண்டாள்.

டாக்டர் அவள் தோளுக்கு மேலாகக் கைப்பெட்டியையே பார்த்தார். அது சரிவில் நின்றது. நகரவில்லை. இரண்டே சக்கரம், அதுவும் ஒரு பக்கத்து அடியில். மறுபக்கம் வெறும் குமிழ்க்கால். நிமிர்ந்து நின்றால் கால் ஊன்றிக்கொள்ளும். சாய்த்தால்தான் உருளும்.

"என்னப்பா, பெட்டியையே பார்க்கறீங்க? உள்ள ஒண்ணுமில்ல, அழுக்குத் துணிதான்."

"ஒண்ணுமில்லம்மா" என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். மகள் பயந்துபோய் அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

மறுநாள் டாக்டர் ரம்பப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். நான்கு சக்கரத்தையும் கழற்றினார். அடியை, கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டு, மனைவியைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லி, கழித்தார். நான்கு மூலையிலும் மரக்கால். ஒரு பக்கத்தில் மட்டும், நேராக உருள்கிற, திரும்பாத இரண்டு சக்கரங்கள், தரையைத் தொட்டும் தொடாமலும். மறுபக்கம் பிடித்துத் தூக்க இரண்டு கைப்பிடி. தூக்கினால் கைவண்டி மாதிரி வரும். இறக்கினால் உட்கார்ந்துவிடும். மகள் சரிவில் நின்று தன் முழு பலத்தோடும் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. மரப்படி கிளினிக்குக்குள் போய், நாற்காலியில் ஏற முடியாத வயதானவர்களுக்குக் கால் வைக்க ஆயிற்று.

ஆனாலும் சுவிட்சைத் தட்ட டாக்டருக்குக் கை போகவில்லை. பலகையைச் சட்டத்தோடு வைப்பார், எடுப்பார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி எதிர்ப்பக்கம் போய் நின்று, அறுபட்டு வருகிற முனையைப் பிடிக்கக் கையை நீட்டினார். "கிட்டத்துல வராதே" என்றார் டாக்டர். "நீங்க கிட்டத்துல இருக்கும்போது நான் எங்க போறது? தள்ளுங்க" என்றார் அவர். பலகையைத் தள்ள டாக்டர் ஒரு கட்டை செய்து வைத்திருந்தார். விரல் தகட்டுப் பக்கம் போகவே தேவையில்லை. ரம்பம் அலறியது. பலகை போயிற்று. பெட்டி இருந்த இடத்தில் இருந்தது.

அறுத்த பலகைகள் சேர்ந்து வராந்தாவில் ஒரு செருப்பு அடுக்கு ஆயின. ஒரு தட்டு கொஞ்சம் கோணல். டாக்டர் அதை யாருக்கும் விளக்கவில்லை. நோயாளிகள் ஒருவர் இருவராகத் திரும்பி வந்தார்கள். டாக்டர் இப்போது பேசுவதில்லை என்று வெளியே சொன்னார்கள். அது முழுக்க உண்மையில்லை. குறைத்துக்கொண்டார்; அவ்வளவுதான். வாயில் இருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு, "என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்கக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான், தெருவில் எவ்வளவு பேர் அவரைவிட நீளமாகப் பேசுகிறவர்கள் என்ற பயங்கரம் அவருக்குத் தெரியவந்தது.

பெட்டிக்கும் எதிர்பாராத ஒரு நல்ல காலம் வந்தது. பரீட்சை முடிந்து, மனைவி விடைத்தாள் கட்டுகளோடு வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தே திருத்தினால் முதுகு வலிக்கிறதென்று நின்றுகொண்டு திருத்த இடம் தேடினார். இடுப்பளவு உயரம், அகலமான வழவழப்பான மேற்பலகை, சிவப்புப் பேனாக்களுக்குத் தனி இழுப்பறை. ரம்பத்தின் தகட்டைக் கீழே இறக்கி, பிளக்கைக் கழற்றி, அதன்மேல் கட்டுகளைப் பரப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் ஒரு பலகையோடு ஷெட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, பேப்பரையெல்லாம் எடுத்துக்கறியா? ஒரு சின்ன வேலை இருக்கு."

"இன்னும் ஒரு வகுப்பு பாக்கி இருக்கு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இந்தப் பையன் பாருங்க, ரெண்டையும் ரெண்டையும் கூட்டி அஞ்சுன்னு போட்டு, அது ஏன் அஞ்சுன்னு ஒரு பக்கம் விளக்கம் வேற எழுதியிருக்கான். இவனுக்கே மதியம் ஆயிடும் போலிருக்கு."

டாக்டர் பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தார். இன்னொரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, பெட்டியின் மறுபக்கம் நின்று, மதிப்பெண்களைக் கூட்ட ஆரம்பித்தார்.